ஒன்பதாவது கேமரா

டிசம்பர் 2

சுடலைமணி நேற்றுக் காலை ஜீப்பில் இறங்கிப் போய்விட்டான். குரூப் ஃபோர் தேர்வில் தேறிவிட்டான். வட ஆற்காட்டுப் பக்கம் ஒரு தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். வனவிலங்கு உயிரியல் முதுகலை, கடைசி ஆண்டு, ஆய்வு பாதியில் நிற்கிறது, இருபது கேமராக்கள் காட்டுக்குள் மரத்தோடு கட்டிக் கிடக்கின்றன. இவனுக்கு வருமானச் சான்றிதழில் முத்திரை குத்தப் போக வேண்டுமாம். அவன் வீட்டைக் குறை சொல்ல முடியாது. அரசாங்க வேலையை வேண்டாம் என்று சொல்லும் வீடு எங்கள் வகுப்பில் ஒன்றுகூடக் கிடையாது, என் வீடு உட்பட. ஆனால் அவனைக் குறை சொல்லலாம். சொல்கிறேன்.

போகும்போது கழுத்திலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தான். கேமராக்களை மரத்தோடு பிணைக்கும் கம்பிப் பூட்டுகள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சாவிதான். கறுப்புக் கயிற்றில் கோத்தது. "தொலைச்சிராத, மைதிலி" என்றான். பிறகு வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் முந்திக்கொண்டேன்.

"போறதுன்னா திரும்பிப் பாக்காமப் போ."

போனான். சொன்னபடியே திரும்பிப் பார்க்கவில்லை. வளைவில் ஜீப் மறையும் வரை நான் நின்றுகொண்டிருந்தேன். டிரைவரிடம் முட்டை வாங்கி வரச் சொல்ல மறந்துவிட்டோமே என்ற யோசனையில்தான்.

டிசம்பர் 3

முட்டை இல்லை. பருப்பும் சோறும். காலில் அட்டை கடித்த இடம் அரிக்கிறது.

டிசம்பர் 15

கேமராக்களின் மெமரி கார்டுகளை மாற்றி எடுத்து வந்தாயிற்று. அவன் போன பிறகு இது முதல் சுற்று. வேட்டைத் தடுப்புக் காவலர் பேச்சிமுத்து அண்ணன் கூடவே வந்தார். மனிதர் வழி நெடுக "தம்பி இருந்தா இந்த ஏத்தத்துல ஒரு பாட்டு படிப்பாவ" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் வேகமாக நடந்தேன்.

மாலையில் படங்களைத் திறந்தேன். எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கேமராவை மரத்தில் கட்டும்போதும் கார்டு மாற்றும்போதும் அது சரியாகப் படம் பிடிக்கிறதா என்று சோதிக்க வேண்டும். எதிரே ஏதாவது அசைந்தால்தான் அது கிளிக் செய்யும். அதனால் ஒருவர் விலங்கு உயரத்தில், நாலு காலில், அதன் முன்னால் தவழ்ந்து போக வேண்டும். முட்டி வலி என்று சொல்லி நான் ஒரு தடவைகூடத் தவழ்ந்ததில்லை. எனக்கு முட்டி வலியே கிடையாது என்பது அவனுக்கும் தெரியும்.

ஆகவே இருபது கார்டிலும் முதல் படங்கள் சுடலைமணி. மூன்றாவதில் கரடியாக வருகிறான். ஏழாவதில் மூக்கைத் தூக்கி மோப்பம் பிடிக்கிறான். ஒன்பதாவதில் நாக்கைத் தொங்கப்போட்டு லென்ஸுக்கு நேராக முகத்தை நீட்டுகிறான். ஓரத்தில் கேமரா எண் எழுதிய சிலேட்டைப் பிடித்த என் கை தெரிகிறது. கை குலுங்கியிருக்கிறது. அன்றைக்கு அவ்வளவு சிரித்திருக்கிறேன்.

ஒவ்வொரு படத்துக்கும் பெயர் கொடுக்க வேண்டும். மிளா, காட்டுப்பன்றி, கேளையாடு, வெறும் படம். அவனுக்கு "மனிதர் – குழு" என்று கொடுத்துக்கொண்டே போனேன். கண் எரிந்தது. நாளெல்லாம் வெயில்.

டிசம்பர் 22

சிக்னல் பாறைக்குப் போனேன். முகாமிலிருந்து மேலே ஏறினால் அங்கேதான் போனுக்கு உயிர் வரும். அம்மா பேசினாள்.

"ஏங்கண்ணு, அந்தத் திருநெல்வேலிப் பையன் பரிச்ச எழுதி வேலைக்கே போயிட்டானாமா. நீ இன்னும் கரடியப் படம் புடிச்சுட்டு இருக்கற."

"கரடி இல்லைம்மா. சின்ன மிருகம்."

"சின்னதுக்கே இத்தனை வருசமா?"

பேசி முடித்ததும் அவனிடமிருந்து அழைப்பு வந்தது. கையெல்லாம் மண், எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். கை அப்போதும் மண்ணாகத்தான் இருந்தது.

ஜனவரி 5

வனஜா மேடம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மென்பொருள் அனுப்பியிருக்கிறார். படங்களைத் தானே பிரித்துவிடும். மனிதர் இருக்கும் படங்கள் தனிப் பெட்டிக்குள் போய்விடும், அவற்றைத் திறக்கக் கூடாது என்பது மேடத்தின் கண்டிப்பான விதி. காட்டுக்குள் விறகுக்கும் தேனுக்கும் போகிறவர்களை வேவு பார்ப்பது நம் வேலையல்ல என்பார். அருமையான விதி. இனி யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

நாங்கள் தேடும் மார்ட்டன் இன்னும் ஒரு படத்தில்கூடச் சிக்கவில்லை. கீரியைவிடப் பெரிய உடம்பு, கறுப்பு வால், கழுத்து மட்டும் மஞ்சள் தடவியதுபோல. இந்த மலையில் அது இருக்கிறதென்று எல்லோரும் சொல்கிறார்கள், படம் யாரிடமும் இல்லை. முதலாண்டில் சுடலையை ஏன் இந்தப் படிப்புக்கு வந்தாய் என்று கேட்டேன். "அத ஒரு தடவ கண்ணால பாக்கணும்ட்டி" என்றான். ஏட்டி என்று கூப்பிட்டால் பல் இருக்காது என்றேன். பல் போகாமலே இரண்டு வருஷம் கூப்பிட்டான்.

ஒன்பதாவது கேமராவை வைத்த இடமே அதற்காகத்தான். மேட்டுச் சரிவில் ஒரு மரம் விழுந்து கிடக்கிறது, பக்கத்து மரத்தில் தேனடை. மார்ட்டனுக்குத் தேன் என்றால் உயிர். மாதத்தின் மூன்றாவது ஞாயிறு அங்கே கார்டு மாற்றுவது என்று அட்டவணை போட்டவன் அவன்தான். அன்றைக்குத்தான் மேட்டு முகாமின் காவலர்களை மாற்றிவிட ஜீப் போகும். வேலை முடிந்த பிறகு சாயங்காலம் வரை அங்கேயே உட்காரலாம். அக்டோபரிலும் நவம்பரிலும் அப்படி உட்கார்ந்தோம். பாறையில் முதுகோடு முதுகு சாய்த்து, புளியோதரைப் பொட்டலத்தோடு. பாதை அவன் பக்கம், விழுந்த மரம் என் பக்கம். ஆளுக்கொரு திசையைப் பார்த்தால் எதுவும் தப்பாது என்பான். எதுவும் வரவில்லை. எனக்கு அது ஒரு குறையாகவும் தோன்றவில்லை.

ஜனவரி 18

ஒன்பதாவது கேமராவுக்கு இன்றே போய்க் கார்டு மாற்றிவிட்டு வந்தேன். அட்டவணைப்படி நாளைதான். நாளைக்குத் துணி துவைக்க வேண்டும், மழை வருவதுபோல் இருக்கிறது. தவிர, போனவன் போட்ட அட்டவணைக்கு நான் ஏன் கட்டுப்பட வேண்டும்? பாறையில் உட்காரவில்லை. நின்றபடியே கார்டு, பேட்டரி, பூட்டு என்று முடித்துவிட்டு இறங்கிவிட்டேன்.

ஜனவரி 19

மழை வரவில்லை. துணி துவைத்தேன். அதிகம் இல்லை, இரண்டு சட்டைதான்.

காலையில் மேட்டுக்குப் போய்வந்த பேச்சிமுத்து அண்ணன் முற்றத்தில் வந்து நின்றுகொண்டு நகராமல் இருந்தார்.

"இன்னைக்கு ஒம்பதுக்குப் போவலையா, பாப்பா?"

"நேத்தே போயிட்டு வந்துட்டனே."

"நேத்தா?" என்றார். தலையைச் சொறிந்தார். "இன்னைக்கும் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாயேன். நல்ல வெயிலு."

"எதுக்குங்கண்ணா? ஒரு வேலைய ரெண்டு தடவ செய்யறதுக்கா?"

ஏதோ முணுமுணுத்தார். மதியமும் ஒரு தடவை வந்து துணி காய்ந்துவிட்டதா என்று கேட்டார். இந்த மனிதருக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை.

ஜனவரி 30

சிக்னல் பாறைக்குப் போனேன். வாரத்துக்கு இரண்டு தடவையாவது அவனிடமிருந்து தவறிய அழைப்பு இருக்கும். இப்போது பொங்கல் கழிந்ததிலிருந்து ஒன்றும் இல்லை. ஒரு வழியாகப் புரிந்துகொண்டான். நிம்மதி.

ஜனவரி 31

பாறைக்குப் போனேன். அழைப்பு இல்லை.

பிப்ரவரி 2

பாறைக்குப் போனேன். போனில் ஏதோ கோளாறோ என்று அம்மாவுக்கு அடித்துப் பார்த்தேன். கோளாறு இல்லை.

பிப்ரவரி 16

எல்லாக் கார்டும் மாற்றியாயிற்று. ஒன்பதாவதைப் போன வியாழனே முடித்துவிட்டேன். மென்பொருள் பிரித்துக் கொடுத்தது. ஒன்பதாவது நிலையத்தில் மிளா, முள்ளம்பன்றி, ஒரு புனுகுப் பூனை. மார்ட்டன் இல்லை. மனிதர் பெட்டி கொஞ்சம் பெரிதாக இருந்தது. திறக்கவில்லை. விதி.

இரவு சாப்பாட்டுக்குப் புளியோதரை கிளறினேன். நன்றாக வரவில்லை. அவன் அம்மா பொடி இடித்து அனுப்புவாள், அந்த டப்பா காலி.

மார்ச் 4

மேடம் உடனே போன் செய்யச் சொன்னதாக ஜீப் டிரைவர் வந்து சொன்னார். பாறைக்கு ஓடினேன்.

"மைதிலி, நீ அனுப்பின வரைபடத்துல ஒன்பதாவது நிலையத்துல ஒரே ஒரு நாள் மனித நடமாட்டம் தென்னை மரம் மாதிரி நிக்குது, கவனிச்சியா? ஜனவரி பத்தொன்பது."

"இல்லைங்க மேடம்."

"காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் விடாம ஆள் இருந்திருக்கான். வேட்டைக்காரனா இருந்தா வனத்துறைக்குச் சொல்லணும். அந்த ஒரு நாளை மட்டும் திறந்து பார்."

பாறையிலிருந்து இறங்கினேன். தேனடைப் பக்கம் கண்ணி வைத்திருப்பார்களோ, மார்ட்டனை அடித்துவிட்டார்களோ என்றே நினைத்துக்கொண்டு வந்தேன். கணினியைத் திறந்தேன்.

முதல் படத்தில் ஒருவன் நாலு காலில் தவழ்ந்து வருகிறான்.

வெள்ளை முழுக்கைச் சட்டை, இஸ்திரி போட்ட பேன்ட். ஆபீஸ் உடுப்பு. அதோடு கரடிபோல் வந்து, லென்ஸுக்கு நேராக முகத்தை நீட்டி, நாக்கைத் தொங்கப்போடுகிறான். கிருதாவை ஒட்ட வெட்டியிருக்கிறான். இளைத்திருக்கிறான்.

அடுத்த படத்தில் எழுந்து முட்டியைத் தட்டிவிடுகிறான். பிறகு பாறையில், தன் பக்கத்தில், பாதையைப் பார்த்து உட்கார்கிறான். பையிலிருந்து இரண்டு பொட்டலம் எடுத்து வைக்கிறான். அப்புறம் எல்லாப் படத்திலும் அதே இருப்புதான். கொஞ்சம் அசைந்தால் ஒரு படம். நிழல் மட்டும் நகர்ந்துகொண்டே போகிறது. ஒரு படத்தில் பாதையில் ஏதோ சத்தம் கேட்டிருக்க வேண்டும், எழுந்து நிற்கிறான், முகம் முழுக்கச் சிரிப்பு. அடுத்ததில் உட்கார்ந்துவிட்டான். வெயில் சாயும்போது ஒரு பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுகிறான். இன்னொன்றைப் பிரிக்கவில்லை. கடைசிப் படத்தில் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு கேமராவின் முன்னால் நிற்கிறான். இந்தத் தடவை நாக்கை நீட்டவில்லை.

நான் அந்த நேரத்தில் இரண்டு சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தேன்.

அழுதேன். எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள். டிசம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் அழுதேன். அவன் இல்லாமல் இந்தக் காடு எனக்குப் பிடிக்கவில்லை. இருபது கேமராவும் பிடிக்கவில்லை. முட்டைக்கு டிரைவரிடம் அன்றைக்கே சொல்லியாயிற்று, ஜீப் மறையும் வரை நான் நின்றது முட்டைக்காக இல்லை.

முகம் கழுவிவிட்டு வந்து முதலிலிருந்து மறுபடி பார்த்தேன். அப்போதுதான் அதைக் கவனித்தேன். மதியம் கழிந்த மூன்று படங்களில், அவன் முதுகுக்குப் பின்னால், விழுந்த மரத்தின் மேல் ஏதோ நிற்கிறது. பெரிதாக்கினேன். கறுப்பு வால். மஞ்சள் கழுத்து. முதல் படத்தில் தேனடை மரத்தைப் பார்க்கிறது. இரண்டாவதில் அவன் முதுகைப் பார்க்கிறது. மூன்றாவதில் பாதி உடல் புதருக்குள்.

மனிதன் இருக்கும் படம் என்று மென்பொருள் அதையும் சேர்த்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டது. எதைப் பார்க்க இரண்டு வருஷம் காத்திருந்தானோ அது ஒரு கல்லெறி தூரத்தில் வந்து நின்றிருக்கிறது. அவன் பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். விழுந்த மரத்தின் திசை என்னுடையது. அங்கே நான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மார்ச் 5

பேச்சிமுத்து அண்ணனைப் பிடித்தேன்.

"அவன் வந்தது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும், பாப்பா. ராத்திரி பஸ்ஸுல வந்து மேட்டு ஜீப்புல ஏறுனாவ. எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாவ. சொல்லிக் கூட்டியாந்தா அது வந்ததாவாது, அவளா வரட்டும்னாவ. நான் எம்புட்டுத்தான் சாடை காட்டுவேன்? நீதான் துணி துணின்னு நின்ன."

பாறைக்குப் போனேன். சுடலைக்கு அடித்தேன், முதல் மணியிலேயே எடுத்தான். பின்னால் ஆட்கள் பேசும் சத்தம், யாரோ பட்டா என்று கத்துகிறார்கள்.

"ஒரு நிமிசம், வெளிய வாரேன்" என்றான். பிறகு, "சொல்லு."

"ஒம்பதாவது கேமராப் படத்த நேத்துத்தான் பாத்தேன்."

"நீ வரல. சரி, அதான் பதில் போலன்னு வந்துட்டேன்."

"நான் சனிக்கிழமையே போயிட்டேன்டா."

"ஏன்?"

துணி துவைக்க என்று நாக்கு நுனி வரை வந்தது. "ஞாயித்துக்கிழமை அங்க தனியா உக்கார முடியாதுன்னுதான்" என்றேன். "நீ இல்லாம முடியல, சுடலை."

அவன் பதில் சொல்லுமுன் நான் மார்ட்டனைச் சொன்னேன்.

"எங்க?"

"விழுந்த மரத்து மேல. உன் முதுகுக்குப் பின்னாடி."

"எம்பின்னாடியா?"

"ஒரு தடவ திரும்பிப் பாத்திருக்கக் கூடாதா?"

"நீதானட்டி திரும்பிப் பாக்கக் கூடாதுன்ன" என்றான். சிரித்தானா என்று தெரியவில்லை. குரல் ஒரு மாதிரி இருந்தது.

"பதினாறாம் தேதி மூணாவது ஞாயிறு. கடைசிச் சுற்று. கேமராவ எல்லாம் இறக்கிடுவோம். வர்றியா?"

"அன்னைக்கு ஆபீஸுல பட்டா முகாம் போட்டிருக்காவ. லீவு கேட்டுப் பாக்கேன். உறுதி சொல்ல முடியாது." உள்ளே யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். போனான்.

மார்ச் 16

அட்டவணைப்படி.

இரண்டு பொட்டலம் புளியோதரை. மேட்டு ஜீப்பில் போய் இறங்கினேன். மற்ற பத்தொன்பது கேமராவும் போன வாரமே இறங்கிவிட்டன. பாறையில் என் பக்கத்தில் உட்கார்ந்தேன், விழுந்த மரத்தைப் பார்த்து. பாதை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. யார் வந்தாலும் தெரியாது. அவன் பக்கத்தில் உட்காரலாமா என்று நூறு தடவை தோன்றியது. இருவரில் ஒருவராவது மரத்தைப் பார்க்க வேண்டாமா என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

காய்ந்த இலை அசையும்போதெல்லாம் அவன் காலடி என்று நினைத்தேன். காட்டுக்கோழி. மறுபடி காட்டுக்கோழி. ஒரு தடவை மிளா. மார்ட்டன் வரவில்லை. மதியம் கழிந்தது. ஒரு பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன். இன்னொன்றைத் தொடவில்லை. அன்றைக்கு அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது.

அவன் வரவில்லை. கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். ஏக்கம் மட்டும் இருந்தது, பசிபோல, வயிற்றிலேயே.

ஜீப் ஹாரன் கேட்டது. எழுந்தேன். கேமரா முன்னால் போய் மண்டியிட்டேன். கையை ஊன்றி, நாலு காலில், அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை தவழ்ந்தேன். முட்டியில் கல் குத்தியது. லென்ஸுக்கு நேராக முகத்தை நீட்டினேன். நாக்கை நீட்ட முயன்றேன், அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து ஏதோ ஒரு முகம் பதிவாகியிருக்கும்.

கேமராவை இறக்கவில்லை. கார்டையும் எடுக்கவில்லை. புது பேட்டரி போட்டுப் பூட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 18

மேடம் போனில் கேட்டார். "பத்தொன்பதுதான் வந்திருக்கு. ஒன்பதாவது எங்கே?"

"மார்ட்டன் வந்த இடம் மேடம். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே."

"சரி. ஆனா கார்டை யாராவது போய் எடுக்கணும்."

"எடுப்பாங்க மேடம்."

பாறையிலிருந்தே அவனுக்குச் செய்தி அனுப்பினேன்: "ஒன்பதாவது கேமரா இன்னும் மேலேதான் இருக்கு. உனக்கு அதுல ஒரு நாள் பாக்கி இருக்கு. நீயே வந்து எடுத்துப் பாரு."

பதில் வரும் வரை இறங்குவதில்லை என்று உட்கார்ந்திருந்தேன். வெயில் மங்கும்போது வந்தது. "ரெண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துட்டேன். வாற சனிக்கிழமை வாரேன். பூட்டுச் சாவி யார்ட்ட இருக்கு?"

"என் கழுத்துல."

"அப்ப நேரா மேட்டுக்குப் போவ முடியாது. மொதல்ல முகாமுக்குத்தான் வரணும், என்னட்டி?"

ஆமாம் என்று எழுதினேன். வரும்போது முட்டை வாங்கி வரச் சொன்னேன்.